விலை மாறினால் மணி அடிக்கும்

சக்கரத்தில் லென்ஸின் விளிம்பைத் தேய்த்துக்கொண்டிருக்கும்போது கைபேசி மணி அடித்தால் பிளேன் அக்கா கையை எடுக்க மாட்டார். எடுத்தால் லென்ஸ் பாழ். முன்னறையில் இருக்கும் முதலாளிக்குக் குரல் மட்டும் போகும்: "அண்ணே, கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க. ஏறியிருக்கா, எறங்கியிருக்கா?"

முதலாளி முதலில் தன் கண்ணாடியைத் தேடுவார். கடை நிறையக் கண்ணாடி இருக்கும், அவருடையது மட்டும் கிடைக்காது. ஒரு வழியாகக் கண்டெடுத்துக் கைபேசியைத் தூரப் பிடித்துப் படிப்பார்.

"ஏறித்தாம்மா இருக்கு."

"ஏறட்டும். களைச்சுப்போய்த் தானா எறங்கும்."

பத்தொன்பது வருடமாக அந்தப் பின்னறையில் லென்ஸ் தேய்க்கிற அக்கா இதுவரை விமானத்தில் ஏறியதில்லை. வெளிநாட்டில் இருக்கும் தம்பி எப்போதோ கூப்பிட்டான் என்று எடுத்த பாஸ்போர்ட், முத்திரை எதுவும் படாமல் அலமாரியில் கிடக்கிறது. ஆனால் எந்த மாதம் எந்த ஊருக்கு டிக்கெட் மலிவு, எங்கே இறங்கி வேறு விமானம் மாறினால் மிச்சம் என்பதெல்லாம் விரல் நுனியில். கண்ணைச் சோதிக்க வருகிறவர்கள் எழுத்துப் பலகையைப் படித்து முடித்த கையோடு பின்னறைக்குள் தலையை நீட்டி டிக்கெட் விசாரிப்பார்கள். அப்படி ஒட்டிக்கொண்ட பெயர்தான் பிளேன் அக்கா.

அவருக்கு ஒரு நம்பிக்கை உண்டு. நாம் ஆசைப்படுவது தெரிந்தால் விலை ஏறிவிடுமாம். "திரும்பத் திரும்பப் பாத்தா அதுக்குத் தெரிஞ்சுடும். அப்புறம் பிகு பண்ணும்." அதனால் வேண்டிய ஊரை நேராகத் தேட மாட்டார். முதலில் பனி கொட்டும் ஒரு துறைமுகம், பிறகு எங்கோ ஒரு தீவு என்று போக்குக் காட்டிவிட்டு, சும்மா எட்டிப் பார்த்தவர் மாதிரி அந்த ஊருக்கு வந்து சேருவார். போக்குக் காட்டப் போய் அந்த ஊர்கள்மேலும் மனம் போய்விட்டது. தேய்த்த லென்ஸை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் எதிர்த் தெரு அதில் தலைகீழாகத் தெரியும். மரங்கள் தொங்கும், ஆட்கள் வானத்தில் நடப்பார்கள். அக்கா அப்படியே நின்றுவிடுவார். "தீவுல இப்ப மழை விட்டிருக்குமா?" என்பார். யாரைக் கேட்கிறார் என்று யாருக்கும் தெரியாது.

வேண்டிய ஊர் ஒன்றே ஒன்றுதான். அங்கே தம்பி இருக்கிறான். அங்கிருந்து இங்கே வரும் டிக்கெட்டைத்தான் அக்கா தேடுகிறார். இரண்டு வருடத்துக்கு முன் அம்மா இறந்தபோது அவன் வரவில்லை. "டிக்கெட்ட யானை வெல குதிரை வெல சொல்றாங்கக்கா" என்று போனில் அழுதான். இனி டிக்கெட் ஒரு காரணமாக இருக்கக் கூடாது என்று விலை ஏறினாலும் இறங்கினாலும் அடிக்கும்படி அந்த வாரமே கைபேசியில் வைத்த மணி இது. விலை இறங்கும்போதெல்லாம் அவனுக்கு ஜன்னலோர சீட்டும் பார்த்து வைப்பார். சின்ன வயதில் பஸ்ஸில் ஜன்னல் கிடைக்காவிட்டால் அவனுக்குக் குமட்டும்.

"பிளேன்ல ஜன்னல் தெறக்காதும்மா" என்று முதலாளி ஒருமுறை சொல்லிப் பார்த்தார்.

"தெறக்கலேன்னா என்ன, பக்கத்துல இருந்தா போதும் அவனுக்கு."

ஆனால் விலை இறங்கினால் தம்பிக்கு லீவு இருக்காது. லீவு இருந்தால் உடம்பு சரியிருக்காது.

போன வியாழக்கிழமை மத்தியானம் மணி அடித்தது. முதலாளி படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடியும் படித்தார். "பாதிக்குப் பாதி வந்திருக்கும்மா. இப்படி எறங்கி நான் பாத்ததே இல்ல."

அக்கா சக்கரத்தை நிறுத்திவிட்டார். கையெல்லாம் ஈரம் என்பதால் முதலாளியே தம்பியின் எண்ணை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்தார்.

"டேய், பாதி வெலடா. லீவு கேளு. நான் இப்பவே எடுத்துடறேன்."

தம்பி எழுந்து போய்க் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

"அன்னிக்கும் டிக்கெட் இருந்துச்சுக்கா" என்றான். "கையில பணமும் இருந்துச்சு. அம்மாவ அப்படிப் பாக்கறதுக்குத்தான் எனக்குத் தைரியம் இல்ல. அதுக்கப்புறம் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வர்றது? உன் முன்னால வந்து நிக்கவே பயமா இருக்குக்கா."

அக்காவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இரண்டு வருடமாக வாயில்லாத டிக்கெட்டையல்லவா திட்டிக்கொண்டிருந்தோம் என்று வந்த கோபம். அதன் பின்னாலேயே அழுகையும் வந்தது. இரண்டையும் விழுங்கினார்.

"சாப்பிட்டியா?"

"இல்லக்கா."

"போய் மொதல்ல சாப்பிடு."

பேச்சு முடிந்ததும் முதலாளி தயங்கித் தயங்கிக் கேட்டார். "அப்போ இந்த மணிய எடுத்துடலாமாம்மா?"

அக்கா லென்ஸ் துடைக்கும் துணியில் பத்து விரலையும் துடைத்துக்கொண்டு கைபேசியை வாங்கினார். திரையில் புறப்படும் ஊருக்கும் போய்ச் சேரும் ஊருக்கும் நடுவே, எதிரெதிர்ப் பக்கம் பார்த்தபடி இரண்டு சின்ன அம்புகள் இருந்தன. அந்த அம்புகளை ஒரு தடவை அழுத்தினார். தம்பியின் ஊர் போய்ச் சேரும் இடத்துக்கு வந்தது. புறப்படும் இடத்தில் அவருடைய ஊர் நின்றது.