கோடைப் பாட்டில் ஆடியவர்

சென்னைக்கு வருடத்துக்கு ஒரு கோடைப் பாட்டு வரும். வெயிலைக் கிண்டல் பண்ணிக்கொண்டு வரும், ஷேர் ஆட்டோவிலும் செல்போன் கடையிலும் கத்தும், மழை பிடித்ததும் காணாமல் போகும். அப்படி ஒரு பாட்டை எங்கள் ஆலையில் படம் பிடித்தார்கள்.

கும்மிடிப்பூண்டியில் இரும்புக் கம்பி உருட்டும் ஆலை அது. ஆரம்பாக்கத்திலிருந்து என்னோடு ஒரே ரயிலில் வரும் நண்பருக்கு உலையடியில் வேலை. சாமி ஊர்வலத்தில் மேளச் சத்தம் கேட்டால் நிற்க மாட்டார், ஆடிவிடுவார். படப்பிடிப்புக்காரர்கள் எங்களை வரிசையாக நிறுத்தி ஆடிக் காட்டச் சொன்னபோது முதலில் பிடித்தது அவரைத்தான். உடனே மனைவிக்கு போன் போட்டார்.

"இன்னாமே, நான் பாட்டுல வரேன். உன் தங்கச்சிக்கும் சொல்லிடு."

மே மாதம், ஞாயிற்றுக்கிழமை. பழைய இரும்பு கொட்டும் திடலில், உச்சி வெயிலில், தடித்த கோட்டும் ஹெல்மெட்டும் போட்டு ஆடவிட்டார்கள். டைரக்டர் குடைக்கடியில் மின்விசிறியோடு உட்கார்ந்திருந்தார். டேக் மேல் டேக் போனது. நண்பர் தண்ணீர் கேட்டார். "இந்த ஷாட் முடியட்டும்ணா, ஹெல்மெட்டைக் கழட்டாதீங்க" என்றான் உதவியாளன்.

மேக்கப் போடும் பெண் கத்தினாள். "சார், இவருக்கு வேர்க்கவே மாட்டேங்குது!"

பாட்டிலில் இருந்த தண்ணீரை அவர் முகத்தில் வேர்வை மாதிரி அடித்தாள். நான் ஓரமாக நின்றவன், போய் அவர் கையைத் தொட்டேன். காய்ந்துபோய் தோசைக்கல் மாதிரி சுட்டது. "இன்னாபா, முடியலையா?" என்றேன். வேறு யாருடைய பெயரையோ சொல்லி என்னைக் கூப்பிட்டார். உதவியாளனிடம் ஓடினேன். "ஒரே டேக்ணா" என்றான்.

பாட்டு ஓடியது. அவர் கால்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டன, கைகள் காற்றில் எதையோ பிடிக்கத் தேடின. டைரக்டர் எழுந்தே நின்றுவிட்டார். "கட் பண்ணாதீங்க! அவரை மட்டும் எடுங்க!" நண்பர் முகங்குப்புற விழுந்தார். கைதட்டினார்கள்.

ஆஸ்பத்திரியில் சேர்த்ததில் உயிர் பிழைத்தது. நிதானமாக நிற்கவும் நடக்கவும் வைக்கிற மூளைப் பகுதி சூட்டில் கெட்டுவிட்டது என்றார் டாக்டர். காலை அகட்டி, கையை வீசி, தள்ளாடித் தள்ளாடித்தான் இனி நடக்க முடியும். நாக்கும் குழறியது. ஆலையில் போய் நஷ்டஈடு கேட்டோம். "ஞாயித்துக்கெழம நீங்க வேலைக்கு வரல, ஆட வந்தீங்க" என்றார்கள்.

பாட்டு வெளியானது. விழுவதற்குச் சற்று முன்னால் வரை வைத்திருந்தார்கள், அதையே மூன்று முறை திருப்பிப் போட்டு. ஊரே அதைப் பிடித்துக்கொண்டது. 'போதை ஸ்டெப்' என்று பெயர் வைத்துக் கல்யாண மண்டபத்திலும் கல்லூரியிலும் ஆடினார்கள்.

அவர் பால் வாங்கப் போனால் பிள்ளைகள் பின்னாலேயே தள்ளாடிக்கொண்டு போனார்கள். "அவருக்கு நோவுடா, பாவிங்களா!" என்று மனைவி துடைப்பத்தோடு ஓடி வருவார். ஒருவன் ஓடாமல் நின்று, "அக்கா, பாட்டுல வர்றது இவர்தானா? ஒரு செல்ஃபி" என்றான். நண்பர் போனைப் பார்த்துச் சிரித்தபடி நின்றார்.

"மழ வந்தா இந்தப் பாட்டு ஒழிஞ்சிடும்ணா" என்று அந்த அம்மா என்னிடம் சொல்லிக்கொண்டே இருந்தார். சொன்னபடி ஒழிந்தது. நண்பரும் கொஞ்ச நாள் நிம்மதியாகத் தெருவில் நடந்தார்.

அடுத்த சித்திரையில் நான் அவர்கள் வீட்டில் இருந்தபோது அந்த உதவியாளன் போன் செய்தான். பாட்டின் இரண்டாம் பாகம் எடுக்கிறார்களாம்.

"அண்ணன் அந்த ஸ்டெப் மட்டும் போட்டா போதும்க்கா."

"அவரு தெனம் அதத்தான் போட்டுக்கினு கீறாரு" என்றார் அந்த அம்மா. "ஊட்டாண்ட வந்து பாருங்க."

"சூப்பர்க்கா" என்றான் அவன். "லொகேஷன் அனுப்புங்க."

போனை வாங்கி நான்தான் அணைத்தேன்.