ரசீலாபென் பார்க்கும் வாய்கள்

"ஆ காட்டுங்க காகா, நல்லா! ம்ஹும், மூணு விரல் போகணும், ரெண்டுதான் போகுது. இந்த மாவாப் புகையிலையை மெல்றதை விடலேன்னா, அடுத்த வருஷம் என் மேஜையிலதான் படுப்பீங்க!"

கல்யாணப் பந்தியில் மோர் ஊற்ற வந்த பெரியவரையும் ரசீலாபென் விடவில்லை. ராஜ்கோட்டில் ஆட்டோ ஏறினால், ஓட்டுநரின் வாயைப் பார்க்காமல் இறங்கமாட்டார்.

புற்றுநோய் ஆஸ்பத்திரியில் மயக்க மருந்து டாக்டர் அவர். ஆள் குள்ளம், முக்காலி மேல் நின்றுதான் வேலை. கர்பா பாட்டை முணுமுணுக்கும்போது முக்காலியும் சேர்ந்து ஆடும். பதினோரு வருடமாக அதைப் பிடித்துக்கொள்ளும் நர்ஸ் நான்.

போன வாரம் மேராமண்பாய் வந்தார். கோண்டல் சந்தையில் வேர்க்கடலை ஏலம் கூவுகிறவர். கன்னத்திலிருந்து நாக்கடி வரை கட்டி. வாய் சுண்டுவிரல் அளவே திறந்தது.

"தூங்க வச்சிட்டு என்ன வேணா பண்ணுங்க பென்," என்றார் பல்லிடுக்கில்.

"தூங்கினா தொண்டை மூடிக்கும். அப்புறம் மூச்சுக்குக் குழாய் விட நான் எந்த வழியா வர்றது? முழிச்சுக்கிட்டே இருங்க. மூக்கு வழியா வர்றேன்."

"மூக்கு ஒரு தரம்... மூக்கு ரெண்டு தரம்..."

"மூணு தரம்! எனக்கே!" என்றார் ரசீலாபென்.

தொண்டை மரத்துப்போக மருந்து தெளித்து, உட்காரவைத்தபடியே, நுனியில் கேமரா உள்ள மெல்லிய குழலை மூக்கில் விட்டார். அதன் மேல் சுவாசக் குழாய் கோத்திருந்தது. பாதி வழியில் மேராமண்பாய்க்கு இருமல் பிடித்துக்கொண்டது. திரை முழுக்கச் சளி. ஆக்சிஜன் தொண்ணூறு, எண்பத்தெட்டு என்று இறங்கியது. கழுத்தில் துளையிட அறுவை டாக்டர் கத்தியோடு தயாரானார். நான் முக்காலியை இறுக்கிப் பிடித்தேன்.

ரசீலாபென் மேராமண்பாயின் காதருகே குனிந்தார்.

"உங்க வீட்டம்மா வெளியில என்ன சொன்னாங்க தெரியுமா? 'கட்டியை எடுக்கறப்போ, அந்தத் தொண்டையையும் கொஞ்சம் சின்னதாக்கிடுங்க டாக்டர், வீட்லயும் ஏலம்தான் விடறார்'னாங்க!"

மேராமண்பாய் குலுங்கிச் சிரித்தார். சிரித்து முடித்து நீளமாக மூச்சை இழுத்தார். திரையில் குரல்நாண்கள் இரண்டும் வெள்ளையாக விரிந்தன.

"போயாச்சு!"

அவருக்கு மறுபடி சிரிப்பு வந்தது. தோள் குலுங்கியது, கண்ணில் நீர் வழிந்தது, சத்தம் மட்டும் இல்லை. குழாய் குரல்நாண்களைத் தாண்டி மூச்சுக்குழலுக்குள் இறங்கியிருந்தது. நான் கைதட்டியே விட்டேன். கத்தியைக் கீழே வைத்த அறுவை டாக்டர் விசிலடித்தார். ஆக்சிஜன் தொண்ணூற்றெட்டைத் தொட்டது.

"தூங்க வைக்கலாமா பென்?" மருந்து ஊசியை நீட்டினேன்.

அவர் வாங்கவில்லை. முகக்கவசத்தை இறக்கி, சத்தமில்லாத அந்தச் சிரிப்பு மூச்சாக வந்துகொண்டிருந்த குழாயின் முனையருகே கன்னத்தைக் கொண்டுபோய், கண்ணை மூடிக்கொண்டார்.