சீட்டுக் கட்டிய நெருப்புக்கோழித் தோல்

நெருப்புக்கோழியின் தோலை நான் முதன்முதலில் தொட்டது, ஆம்பூரில் ஒரு தோல் தொழிற்சாலையில், வெளிநாட்டிலிருந்து வந்த பார்சலைப் பிரித்த ஒரு காலையில். பழுப்பு நிறம். நடுமுதுகில் சாய்சதுரமாக ஒரு பரப்பில் மட்டும் பயறளவு புடைப்புகள், ஒன்றுக்கொன்று இடைவெளி ஒவ்வாமல் கிடந்தன. அதைச் சுற்றி வெறும் வழவழப்பு. யாரோ பாதியில் விட்டுப்போன வேலையைப் போலிருந்தது. அந்தத் தோற்றம்தான் பின்னர் நடந்த எல்லாவற்றுக்கும் காரணம் என்று சில நாள் எண்ணுகிறேன். சில நாள், காரணம் நான்தான் என்று தோன்றுகிறது.

சமூகவியலில் பட்டம் பெற்றபின், வேலூரிலிருந்து தினமும் பேருந்தில் சென்று, அங்கே தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை பார்த்தேன். அது எனக்கு ஆறாவது வாரம். எங்களிடம் வந்தவையெல்லாம் ஆட்டுத் தோலும் மாட்டுத் தோலுமே. ஆனால் வெளியே செல்லும்போது அவை உலகின் காடுகளையெல்லாம் மேலே போர்த்திக்கொண்டு சென்றன. அச்சு இயந்திரக் கூடத்தின் சுவரையொட்டி இரும்புத் தகடுகள் நிற்கும்: யானையின் சுருக்கங்கள், கடல்நாயின் மெல்லிய வரிகள், மும்மூன்றாகத் துளைகள் கூடிய தென்னமெரிக்கக் காட்டுப்பன்றியின் தோல், நெருப்புக்கோழியின் புடைப்புகள். சூடேறிய தகட்டை ஆட்டுத் தோலின்மேல் அழுத்தினால், சில நொடிகளில் நம்மூர் ஆடு ஆப்பிரிக்கப் பறவையாகிவிடும். அரிய உயிர்களைக் கொல்லாமல் அவற்றின் தோற்றத்தை மட்டும் விற்பது நல்லதுதானே என்று தொடக்கத்தில் ஆறுதல் கொண்டேன். ஆடும் உயிர்தானே என்பது சற்றுத் தாமதமாகவே உறைத்தது.

தகடு அழுத்தும் வேலைக்குப் பிளேட்டிங் என்று பெயர்; அதனால் கூடத்தின் மேற்பார்வையாளரைப் பிளேட்டிங் பாய் என்றுதான் எல்லோரும் அழைப்பார்கள். இருபது ஆண்டுகளாக அந்த இயந்திரத்தோடு இருந்தவர். "இங்க இருக்கற மிருகம் ஒண்ணையும் நான் உசுரோட பாத்ததில்ல மேடம். ஆனா எது வந்து நின்னாலும், கண்ண மூடிட்டு முதுகத் தடவியே பேர் சொல்லிடுவேன்," என்பார். "கடிச்சா?" என்று யாராவது கேட்டால், "கடிச்சா அதுவும் கணக்குல சேராது, நம்ம பிளேட்டுல பல்லு கெடையாது," என்று சிரிப்பார்.

அந்தக் கூடத்தில் எழுதப்படாத விதி ஒன்று உண்டு. தோலின் கால் பக்க ஓரத்தில் நூலால் சீட்டுக் கட்டியிருந்தால், அந்தத் தோல் அச்சுக்குப் போக வேண்டியது. சீட்டு இல்லையென்றால், பார்த்து ஒப்பிட வைத்திருக்கும் மாதிரி. அழுத்தும்போது நூலின் தடம் விழுந்துவிடும் என்பதால், சீட்டைப் படித்ததும் எடுத்து எறிந்துவிடுவார்கள். முதல் வாரத்திலேயே இதை எனக்குச் சொல்லியிருந்தார்கள். ஆயினும், பார்சலோடு வந்த, அசல் நெருப்புக்கோழித் தோலைப் போல ஆட்டுத் தோலில் அச்சிட்டு அனுப்பச் சொன்ன கடிதத்தைப் படித்துவிட்டு, 'நெருப்புக்கோழி அச்சு, அவசரம்' என்று சீட்டெழுதி, காணாமற்போய்விடக் கூடாதே என்ற கவலையில், அந்த அசல் தோலிலேயே கட்டி அனுப்பினேன்.

பாய் அதை மேசையில் விரித்தாராம். "எவன்யா இத அடிச்சவன்? நடுவுல மட்டுந்தான் பிளேட்டு பட்டிருக்கு. புள்ளி ஒரு எடத்துல ஜாஸ்தி, ஒரு எடத்துல கம்மி," என்று ஆட்களிடம் காட்டிச் சிரித்தாராம். வேறு கம்பெனி கெடுத்த தோல்கள் திருத்தத்துக்கு எங்களிடம் வருவது வழக்கம். அவரும் திருத்தினார். உண்மையான பறவையின் புடைப்புகள் இரும்பின் சீரான புடைப்புகளுக்குள் மறைந்தன.

மறுநாள் காலை, அசல் கெட்டது தெரிந்ததும், முதலாளியின் அறையில் அவர்முன் நானும் பாயும் நின்றோம். "சீட்டு இருந்துச்சு சார்," என்றார் பாய். சீட்டைக் காட்டச் சொன்னார் முதலாளி. அது குப்பையோடு போயிருந்தது. அவர் என் பக்கம் திரும்பி, "நீ கட்டினியாம்மா?" என்றார். ஆறே வாரத்தில் வேலையை இழந்து வீட்டு வாசலில் போய் நிற்பதை நினைத்தேன். இருபது ஆண்டு உழைத்தவரின் ஒரு பிழையை முதலாளி பொறுத்துக்கொள்வார் என்றும், என் பிழையைப் பொறுக்க மாட்டார் என்றும் நானாகவே எடைபோட்டேன். "ஞாபகம் இல்ல சார்," என்றேன். பாய் என்னைப் பார்த்தார். பிறகு முதலாளியிடம், "விடுங்க சார். பாக்காம அடிச்சது நான்தான்," என்றார். அன்று மாலையே அவரைத் தோல் காயவைக்கும் முற்றத்துக்கு மாற்றிவிட்டார்கள்.

என் கணிப்புத் தவறியதை ஏற்க இயலாமல், ஒரு நாள் சாப்பாட்டு வேளையில் அவரிடம் சென்றேன். வாய் திறக்கும் முன் அவரே, "மேடம், போன்ல அந்தப் பறவைய ஒரு தபா காட்டுங்க," என்றார். காட்டினேன். இறகு சிலிர்த்து ஓடிய அதைப் பார்த்து, "எறக்க இருக்குது, பறக்காதா? அப்ப இன்னாத்துக்கு அது?" என்றார். அந்தப் புடைப்புகள் ஒவ்வொன்றும் ஓர் இறகு முளைத்த இடம் என்றேன். "வாராவாரம் ஞாயித்துக்கெழம கோழி உரிச்ச தோலத் தொடறேன். அதுவும் இதுவும் ஒண்ணுன்னு இத்தினி வருஷம் தோணல பாருங்க," என்றார். சொல்ல வந்ததைச் சொல்லாமலே திரும்பினேன்.

சில வாரங்களில், நடந்ததை விளக்கி முதலாளி அனுப்பிவைத்த அந்தத் தோலுக்கு வெளிநாட்டு வாடிக்கையாளர்களிடமிருந்து பதில் வந்தது. அசல் கெட்டதில் அவர்களுக்கு வருத்தம். ஆனால் புடைப்புகள் முழுவதும் சீராகப் பரவிய இந்தத் தோற்றமே வாங்குவோருக்கு நெருப்புக்கோழியாகத் தெரியும், இதையே ஆட்டுத் தோலில் செய்து தரவும் என்று எழுதியிருந்தார்கள். எந்தப் பறவைக்கும் இல்லாத தோலுக்கு மூன்று மாத வேலை கிடைத்தது. அதே அழுத்தம் மீண்டும் வரவேண்டுமென்று பாயை இயந்திரத்துக்கு அழைத்துக்கொண்டார்கள். மேற்பார்வையாளர் பதவி மட்டும் ஏற்கெனவே இன்னொருவரிடம் போயிருந்தது.

விளைவு நன்றாக முடிந்தால் செய்த தவறின் எடை குறையுமா? இந்தக் கேள்வியை எத்தனை முறை எழுப்பியும் விடை ஓரிடத்தில் நிற்பதில்லை. முதலாளியிடம் சென்று உண்மையைச் சொன்னேன். "ஆர்டர்தான் வந்துடுச்சேம்மா. விடு," என்று அடுத்த கோப்பைத் திறந்தார். பாய்க்குப் பதவியைத் திருப்பிக் கொடுங்கள் என்றேன். "கொடுத்தத புடுங்க முடியுமா?" என்றார்.

அங்கிருந்து நேரே கூடத்துக்குப் போனேன். "பாய், அந்தச் சீட்ட கட்டினது நான்தான்."

அவர் தகட்டின் சூட்டைப் பார்த்தபடியே சொன்னார்: "தெரியும்மா. எங்க ஆளுங்க சுருக்குதான் போடுவாங்க, இழுத்தா கையோட வந்துடும். அது ரெட்ட முடிச்சு. வெட்டித்தான் எடுத்தேன்."

"அப்போ அன்னிக்கே சொல்லியிருக்கலாமே, பாய்?"

"நீ சொல்லுவேன்னு பாத்துட்டிருந்தேன்."

அதுவரை அவருக்கு நான் மேடம், நீங்கள். அன்றுமுதல் இன்றுவரை அம்மா, நீ. மகளாக எண்ணி அழைக்கிறாரா, என்மேல் இருந்த மதிப்பு இறங்கியதால் அழைக்கிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. ஒவ்வொரு முறை அவர் கூப்பிடும்போதும், எதுவென்று அறியாமலேயே திரும்பிப் பார்க்கிறேன்.