இரண்டு குளியலறை உள்ள வீடு

எங்கள் வீட்டில் வேலை செய்யும் அம்மாள், காலை ஆறு மணி முதல் பகல் இரண்டு மணி வரை சிறுநீர் கழிக்காமலே ஏழு வருடம் ஓட்டியிருக்கிறார் என்பது எனக்குப் போன ஆடி மாதம்தான் தெரிந்தது. பெண்கள் சொத்தை ஆளும் மலைச் சமூகங்களைப் பற்றி தி.நகரில் ஒன்றரை மணி நேரம் பேசிவிட்டு வந்த மறுநாள் அது. மேடையில் கழுத்தில் போட்ட துண்டைக்கூட நான் இன்னும் மடித்து வைக்கவில்லை.

கால்வாயோரத்தில் குடிசை இருந்தவரை, நடுவில் வீட்டுக்கு ஓடிப் போய்விட்டு வருவாராம். ஏழு வருடம் முன்பு அந்தக் குடிசைகளை எடுத்து ஊருக்கு வெளியே அடுக்குமாடியில் போட்ட பிறகு, வீடு இரண்டு பஸ் தூரம். எனவே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டார்.

"ரெண்டு தபா காய்ச்சல் வந்துட்ச்சி சார். தண்ணி குடிக்கலன்னா கிட்னி பூடும்னு டாக்டரம்மா சொல்லிச்சு. குடிச்சா எங்க போறது? கீழ வாட்ச்மேன் பாத்ரூம் பூட்டிக் கீது. நீங்க கொஞ்சம் சொல்லுங்க சார்."

வேறு யாரும் ஏற்காததால் குடியிருப்புச் சங்கத்துக்கு நான்தான் செயலாளர். அந்த ஞாயிற்றுக்கிழமையே கார் நிறுத்துமிடத்தில் கூட்டம் போட்டேன். அதிகாரம், பெண் உடல், வரலாறு என்று ஆரம்பித்தேன். மூன்றாம் மாடி மாமி குறுக்கே வந்தார்.

"இன்னிக்கு உங்காத்து மனுஷி கேப்பா. நாளைக்குப் பதினாலு பேர் வரிசையில நிப்பா. யார் அலம்பி விடறது?"

ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர் பெண்கள் பாதுகாப்பைக் கையில் எடுத்தார். "ஆம்பளைங்க போற இடம் சார். ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா நீங்களா வந்து நிப்பீங்க?"

"அவ்ளோ கரிசனம்னா உங்காத்துலயே போகட்டுமே. ரெண்டு பாத்ரூம் இருக்கோல்லியோ?" என்றார் மாமி.

எல்லோரும் சிரித்தார்கள். சிரிக்க வைப்பது என் தொழில். நியாயமான சிரிப்பு எதுவென்று எனக்குத் தெரியும்; இது நியாயமானது. மனைவியைப் பார்த்தேன். அவள் எதிரே நின்ற காரின் நம்பர் பிளேட்டைப் படித்துக்கொண்டிருந்தாள். இதை ஆராய ஒரு துணைக்குழு அமைக்கலாம் என்றேன். என் வாழ்நாளில் ஏகமனதாக நிறைவேறிய ஒரே யோசனை அதுதான்.

எங்கள் வீட்டில் அவரை யாரும் தடுத்ததில்லை. கேட்கலாம் என்றே அவருக்குத் தோன்றாதபடி இருந்துவிட்டோம். தடுக்கிற சிரமம் மிச்சம்.

மறுநாள் காலை, "இனிமே பின்னாடி பாத்ரூமுக்குப் போங்க" என்றேன்.

"வாணாம் சார். அம்மா ஒரு மாரி நெனைக்கும்."

"போகட்டும்" என்றாள் மனைவி, அடுப்பிலிருந்து திரும்பாமல்.

போனார். கொஞ்ச நேரத்தில் உள்ளே பிரஷ் தேய்க்கும் சத்தம். தரை, சுவர், கதவின் உட்புறம். பத்து நிமிடம் கழித்து முகமெல்லாம் வியர்வையாக, பினாயில் வாசனையோடு வெளியே வந்தார். வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நானும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். காப்பி ஆறிக்கொண்டிருந்தது, குடித்தோம். மறுநாளும் அதே சத்தம். மறுநாளும் காப்பி.

நான்காம் நாள் சத்தமே இல்லை. அவருக்கென்று வாங்கி வைத்த தண்ணீர் பாட்டில் சமையல் மேடையில் மூடி திறக்காமல் நின்றது.

"ஏன் குடிக்கல?"

"ஒரு தபா போனா ஒரு தபா கழுவணும் சார். எனக்கு இன்னும் ரெண்டு வூடு கீது."

"யார் கழுவச் சொன்னது?"

"வாணாம்னு யாரும் சொல்லலியே" என்றார். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் வசதியாக இருந்திருக்கும்.

"இப்ப சொல்றேன். கழுவ வேண்டாம்."

"சரி சார்" என்றார். என் பல சொற்பொழிவுகளுக்குத் தலையாட்டிய சபைகளின் அதே "சரி". பாட்டிலைத் தூக்கி, அது நின்ற இடத்தைத் துடைத்து, மறுபடி அங்கேயே வைத்துவிட்டு, அடுத்த வீட்டுக்குக் கிளம்பினார்.