கழுத்துச் சொடக்கும் உறை பிரியாத இயந்திரமும்

"அசையாதீங்க, எச்சில் முழுங்காதீங்க" என்று நாள் முழுக்கப் பிறரிடம் சொல்லிப் பிழைப்பது ஸ்கேன் அறைக்காரர்களின் வேலை. நாமும் அப்படியே கிடக்க வேண்டும் என்பது மேலிடத்தின் ஆசை, தோழர்களே.

மூலையில் நின்றது

தலை, கழுத்து ரத்தக் குழாய்கள் படத்தில் தெரிய, மருந்தை வேகமாக ஏற்றும் இயந்திரம் ஒன்று வேண்டும். எங்கள் அரசு மருத்துவமனைக்கு அது வந்து, உறை பிரிக்காமல் மூலையில் நின்றது. பக்கவாதத்தில் வாய் கோணி வந்தவர்களையெல்லாம் சேலத்துக்கு அனுப்பினோம். துண்டறிக்கை எழுதினேன். சங்கத்தைத் திரட்டி வாசலில் நின்றேன். கூட நின்றவர்களில் பாதிப் பேர் போட்டோ எடுக்கும்போது மட்டும் முன்னால் வந்தார்கள். எனக்கு மேட்டூருக்கு மாற்றல் உத்தரவு வந்தது. அதன் பிறகும் நின்றோம். உத்தரவும் ரத்தானது, உறையும் பிரிந்தது. மருத்துவமனைக் கண்காணிப்பாளர் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னார்: "கழுத்தைப் படம் எடுத்துக்க இந்த ஊர்ல எவன் வாரான்னு பாக்கறேன்."

வந்தவர்

வெண்ணந்தூர் லாரி டிரைவர் ராசு வந்தார். தலைச்சுற்றல், நாக்குக் குழறல். மூளையை மட்டும் எடுத்த படத்தில் ஒன்றும் தெரியவில்லை. பித்தம் என்று அனுப்பிவிடப் பார்த்தார்கள். லோடு இறக்கி வந்ததும் சலூனில் கழுத்தை இருபக்கமும் திருகிச் சொடக்கெடுத்துக்கொண்டார் என்று அவர் மனைவி அலமேலு சொன்னார். எங்கள் பக்கத்து டிரைவர்கள் களைப்பாறுவதே அப்படித்தான். அதைக் கேட்டதும் டியூட்டி டாக்டரம்மா கழுத்தை எடுக்கச் சொன்னார்.

மருந்து ஏறினால் உடம்பெல்லாம் சூடு பரவும், கீழே நனைந்ததுபோல் இருக்கும் என்று முன்னமே சொல்லியிருந்தேன். இருந்தும் மேசையை விட்டு இறங்கிய ராசு, மனைவிக்குக் கேட்காமல் என் காதில் குழறினார்: "ஏனுங்க, வேட்டி நனைஞ்சிருச்சுங்களா? பாத்துச் சொல்லுங்க சாமி."

வென்றது

வேட்டி காய்ந்துதான் இருந்தது. ஆனால் பின்கழுத்து வழியாக மூளைக்குப் போகும் ஒரு குழாயின் உள்சுவர் அந்தச் சொடக்கில் கிழிந்து, அங்கே ரத்தம் உறையத் தொடங்கியிருந்தது. வீட்டுக்கு அனுப்பியிருந்தால் அவர் எழுந்தே இருக்க மாட்டார். டாக்டரம்மா அப்போதே ரத்தம் உறையாமலிருக்க மருந்தைத் தொடங்கினார். சில நாளில் ராசு தெளிவாகப் பேசிக்கொண்டு, தன் காலால் நடந்து ஊருக்குப் போனார்.

அந்தச் செய்தி மருத்துவமனை முழுக்கப் பரவியது. பிறகு ஒருநாள் கண்காணிப்பாளர் டாக்டரம்மாவின் சீட்டோடு என் அறைக்கு வந்தார். கதவைச் சாத்திவிட்டுக் கழுத்தைப் பிடித்துக்கொண்டே சொன்னார்: "நானும் ஞாயித்துக்கிழமையானா சொடக்கெடுக்கிறவன்தான். இப்ப வலிக்குது. எனக்கும் ஒண்ணு எடுத்துருங்க, தோழர்."

"அசையாதீங்க, எச்சில் முழுங்காதீங்க" என்றேன். இத்தனை வருசமாக அவர் என்னை வைத்திருக்க ஆசைப்பட்ட அதே நிலையில், அவருடைய நன்மைக்காகவே அவரை நான் கிடத்தினேன்.