தேத்தண்ணிக் கடைக்குப் பக்கத்துல தோட்டாக் கடை

இண்டைக்குக் காலையில நானும் என்ட மச்சான் நஸீரும் கல்முனை பஸ் ஸ்டாண்டுக்கு முன்னால தேத்தண்ணி குடிச்சிட்டு இருந்தம்.

சவளக்கடையில அவர்ட நெல் வேளாண்மையைக் காட்டுப்பண்டி உழுது போட்டிருக்கு. பண்டி சுட லைசன் துவக்கு இருக்கு, தோட்டா முடிஞ்சிட்டு. ஃபோனைக் காட்டினார். முகநூலில ஒருத்தன் தோட்டா விக்கிறான். பாதி விலை, லைசன் தேவையில்லை, முற்பணம் போட்டா வீட்டுக்கே வருமாம்.

"லைசன் காட்டாம ஒரு தோட்டாவாவது ஆரும் உங்களுக்குத் தந்திருக்காங்களா மச்சான்?"

"இல்லதான்..." எண்டார். விரல் மட்டும் பேங்க் ஆப்புக்கு மேல நிண்டுது.

"அனுப்பாதீங்க. முதல்ல கோல் எடுத்து, கடை எங்க எண்டு கேளுங்க."

எடுத்து ஸ்பீக்கரில போட்டார்.

"கல்முனையிலதான் சேர். பஸ் ஸ்டாண்டுக்கு முன்னால, தேத்தண்ணிக் கடைக்குப் பக்கத்துல."

மச்சான் எழும்பி வெளியில எட்டிப் பார்த்தார்.

"தம்பி, நான் அந்தத் தேத்தண்ணிக் கடையிலதான் நிக்கன். பக்கத்துல சின்னப் புள்ளைகள்ற சட்டைக் கடைதான் இருக்கு. தோட்டாவ எந்தச் சட்டைக்குள்ள வச்சிருக்கீங்க?"

"அது... ஹெட் ஒபிஸ் கொழும்புல சேர்" எண்டான்.

கடையே சிரிச்சிட்டு. வடை பொரிச்சிட்டிருந்தவர் கரண்டியோட வெளியில வந்துட்டார். கோல் கட். அடுத்த நிமிசம் மச்சான்ட நம்பரையே அவன் ப்ளொக் பண்ணிட்டான்.

அல்ஹம்துலில்லாஹ், தப்பிச்சம். மச்சான் லைசனை எடுத்துட்டு, வழமையா வாங்கிற இடத்துக்கே போனார். முழு விலைதான், ஆனா வழி முழுக்கச் சிரிப்பு.

உங்கட ஊருலயும் அவனுக்கு ஒரு கடை இருக்கும். எதுக்குப் பக்கத்துலயாம்?