ராதாபுரம் பஸ்ஸிலிருந்து இருபத்துமூன்று கார்டுகள்

பிரம்மநாயகி அக்காவைப் பற்றி யாராவது எழுதியிருக்க வேண்டும். எழுதத் தெரிந்தவர்கள் யாரும் அந்த பஸ்ஸில் வரவில்லை, நான்தான் வந்தேன். பாக்கியசீலன், கணக்கு வாத்தியார். வீடு பாளையங்கோட்டை, வேலை ராதாபுரம். காலை ஏழு பத்து பஸ்ஸில் பதினொரு வருஷம் இடிபட்டவன் என்ற தகுதியில் சொல்கிறேன். கோர்வையாக வராவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்காவுக்குச் சொந்த ஊர் களக்காடு. அப்பா காலத்தில் வயல் இருந்ததாம், அக்காவுக்கு விவரம் தெரிவதற்குள் போய்விட்டது. "நெலம் போனதுல எனக்கு வருத்தமே கெடையாது. படிக்க விட்டாங்கல்லா, அது போதும்" என்பாள். பரீட்சை எழுதி ராதாபுரம் தாலுகா ஆபீஸில் சேர்ந்தவள், கல்யாணமாகிக் குடியிருந்தது பாளையங்கோட்டையில். விடியுமுன் எழுந்து வீட்டுக்காரருக்கும் இரண்டு பெண்களுக்கும் சமைத்து வைத்துவிட்டு பஸ்ஸைப் பிடிப்பாள். டிரைவருக்குப் பின்னால் இரண்டாவது வரிசை, ஜன்னலோரம். அதில் வேறு யாராவது உட்கார்ந்தால் கண்டக்டர் ஆவுடைநாயகமே எழுப்பிவிடுவார், அதுவும் வியாழக்கிழமை என்றால் தயவுதாட்சண்யம் கிடையாது.

வியாழக்கிழமைதான் அந்த வாரப்பத்திரிகை கடைக்கு வரும். அதன் பெயரைச் சொல்லமாட்டேன், இன்றைக்கும் சிலர் சண்டைக்கு வருவார்கள். அதில் ‘சுரங்கத் தெரு’ என்று ஒரு தொடர்கதை. அரசு ஆஸ்பத்திரி நர்ஸ் கமர் நிஷாவுக்கு ஓடுகிற பஸ்ஸில் எழுத்தைப் பார்த்தால் குமட்டும். "நாயகிக்கா, சத்தமா படிங்க, நான் கண்ண மூடிக் கேக்கேன்" என்று அவள் கேட்கப்போய் ஆரம்பித்தது. முதலில் நிஷா மட்டும் கேட்டாள். பிறகு முன்சீட்டு, பின்சீட்டு, நிற்கிறவர்கள் எல்லாரும் கேட்டார்கள். ஆவுடைநாயகம் பொன்னாக்குடி தாண்டுவதற்குள் டிக்கெட்டை முடித்துவிட்டு வந்து நிற்பார். டிரைவர் ஹாரன் அடிப்பதைக்கூடக் குறைத்துக்கொண்டார்.

கதை இதுதான். மரகதம் என்ற பெண் மெட்ராஸில் வீடு வீடாக மின்சார மீட்டர் குறிக்கிற வேலை பார்க்கிறாள். எந்த வீட்டில் மீட்டர் பின்பக்கமாகச் சுற்றுகிறதோ அங்கே குடியிருப்பது மனுஷர் இல்லை, யட்சி. இது அவளுக்கு மட்டும்தான் தெரியும். யட்சிகள் வாடகை கொடுத்து, ரேஷனில் நின்று, மாநகர பஸ்ஸில் தொங்கிக்கொண்டு பட்டணத்தில் நம்மோடு கலந்து வாழ்கிறார்கள். எனக்கு முதலில் எரிச்சலாக வந்தது. எங்கள் வீட்டில் பேய்க்கதையைத் தொட்டாலே அம்மா ஜெபத்துக்குக் கூப்பிட்டுவிடுவாள். பரீட்சைத்தாளைத் திருத்துகிற பாவனையில் குனிந்து உட்கார்ந்திருந்தேன். மூன்றாவது மாதம் ஒரு தாளில் பத்துக்குப் பதினாறு மார்க் போட்டிருக்கிறேன் என்று தலைமையாசிரியர் கூப்பிட்டுக் கேட்டார்.

எண்பத்தெட்டில் தொடங்கிய கதை தொண்ணூற்றாறிலும் ஓடியது. அதுதான் வினை. நூற்றிருபதாவது வாரம் செத்த அரக்கன் மூன்று முறை உயிரோடு வந்தான். மரகதம் ஒரு டாக்டரைக் கல்யாணம் செய்துகொண்டாள். பிறகு அழுதாள். அடுத்த வாரமும் அழுதாள். ஒன்பது வாரம் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தாள். பஸ்ஸில் ஒவ்வொருவராகத் தூங்க ஆரம்பித்தார்கள். நாங்குநேரி வருவதற்குள் எனக்கே தலை தொங்கிவிடும்.

அக்காவுக்குத்தான் மனசு ஆறவில்லை. "பதினாறு வாரமா அந்தப் பிள்ள ஒரு மீட்டரைத் தொறந்து பாக்கல சார். வேலைக்குப் போற பொம்பளைய வீட்டுக்குள்ள பிடிச்சுப் போட்டுட்டாரு இந்தக் கதை எழுதுற மனுஷன். எனக்கு வயிறு எரியுது" என்றாள்.

அன்றைக்கே பத்திரிகைக்குக் கடிதம் எழுதினாள். அங்கேதான் தப்பு நடந்தது. இருபது வருஷம் ஆபீஸ் கடிதம் எழுதிப் பழகிய கை. மேலே வணக்கமும் மரியாதையும், அடுத்த பத்தியில் ‘பார்வை’ என்று எந்த வாரத்து இதழ் என்ற குறிப்பு, அதற்கப்புறம்தான் விஷயம். ‘எட்டு ஆண்டுகளாக ஒரு வாரம்கூடத் தவறாமல் படித்து வருகிறேன். எங்கள் பஸ்ஸே தங்கள் கதைக்காகக் காத்திருந்தது’ என்று தொடங்கி, இரண்டாம் பக்கத்தில்தான் கிழி கிழி என்று கிழித்திருந்தாள்.

மூன்று வாரம் கழித்துக் கடிதம் அச்சில் வந்தது, முதல் பத்தி மட்டும். ‘காத்திருந்தது’ என்று அவள் எழுதியதை ‘காத்திருக்கிறது’ என்றும் மாற்றியிருந்தார்கள். கீழே பெரிய எழுத்தில் பிரம்மநாயகி, பாளையங்கோட்டை. வாரத்தின் சிறந்த கடிதமாம். எவர்சில்வர் டிபன் பாக்ஸ் ஒன்று பரிசாக வேறு வந்தது.

நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "என்னக்கா, நீங்களும் ஜால்ரா போட ஆரம்பிச்சாச்சா" என்று கேட்டுவிட்டேன். பஸ்ஸே சிரித்தது. அக்கா பத்திரிகையை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அதற்கடுத்த மூன்று வியாழக்கிழமையும் அந்த பஸ்ஸில் இன்ஜின் சத்தம் மட்டும்தான் கேட்டது. நிஷா என்னோடு பேசுவதையே நிறுத்திவிட்டாள். எனக்கு வெட்கமாக இருந்தது. மன்னிப்புக் கேட்கவும் வாய் வரவில்லை.

நான்காவது வியாழன் அக்காவே கூப்பிட்டாள். டிபன் பாக்ஸைப் பார்சலில் திருப்பி அனுப்பியிருந்தாள். கையில் அந்தக் கடிதத்தின் கார்பன் நகல், அதுவும் ஆபீஸ் பழக்கம்தான்.

"சார், நீங்க கணக்கு வாத்தியாருல்லா. இதுல வணக்கம் மரியாதையெல்லாம் நீக்கிட்டு எத்தனை வாக்கியம் இருக்குன்னு எண்ணிச் சொல்லுங்க."

எண்ணினேன். இருபத்திரண்டு.

"மொத்தமா குடுத்தா வேணுங்கறத வெட்டி எடுத்துக்கிடுதாங்க. சில்லறையா குடுப்போம். ஒரு தபால் கார்டுக்கு ஒரு வாக்கியம், ஒரு கையெழுத்து. அதுக்கு மேல வெட்ட என்ன இருக்கு?"

"மதிச்சுப் போடுவாங்களாக்கா?" என்றார் ஆவுடைநாயகம்.

"போடாட்டி அடுத்த வாரமும் இருபத்திரண்டு கார்டு போகும். என் பேரைப் போட்டு நான் சொல்லாததச் சொல்லியிருக்காங்க அண்ணாச்சி. அது சரியாகுற வரைக்கும் நான் விடமாட்டேன்."

அன்றைக்கு வள்ளியூர் வரைக்கும் அந்த பஸ் ஆபீஸ் மாதிரி நடந்தது. மடியில் சோற்று வாளியை வைத்து அதன்மேல் கார்டை வைத்து எழுதினார்கள். குலுங்கும்போது பேனாவைத் தூக்கிக்கொள்ள வேண்டும் என்று அக்கா சொல்லிக்கொடுத்தாள். எனக்கு வந்தது ஐந்தாவது வாக்கியம்: ‘செத்தவனை மூன்று முறை எழுப்பினால் நான்காவது முறை யாரும் பயப்படமாட்டார்கள்.’ நிஷாவுக்கு: ‘ஒன்பது வாரம் கட்டிலில் கிடக்கிற அளவுக்கு அவளுக்கு என்ன நோய் என்று ஒரு இடத்திலும் இல்லை.’ ஆவுடைநாயகம் தனக்கு வந்ததை எழுதிவிட்டு, "இதுல கோவம் பத்தாதுக்கா" என்று குறைபட்டுக்கொண்டார். கடைசி வாக்கியத்தை அக்கா யாருக்கும் கொடுக்கவில்லை. அது போக, முதல் கார்டாகப் புதிதாக ஒன்று சேர்த்தாள். ஆக இருபத்துமூன்று. எல்லாவற்றிலும் வரிசை எண் போட்டு ராதாபுரம் தபாலாபீஸில் அவளே கொண்டுபோய்ச் சேர்த்தாள்.

ஒரு வாரம் ஒன்றுமில்லை. இரண்டாம் வாரம், மூன்றாம் வாரம் கார்டுகள் திரும்பவும் போயின. ஒவ்வொரு வியாழனும் அக்கா பஸ் ஏறும்போதே பத்திரிகையின் கடைசிப் பக்கம்வரை புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவாள். அந்த முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இருக்காது.

ஐந்தாவது வியாழன் அவள் உட்காரவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "போட்டுட்டாங்க" என்றாள். முழுப் பக்கம். ஒன்றிலிருந்து இருபத்துமூன்று வரை வரிசை மாறாமல், பெயரும் ஊருமாக. அக்கா முதல் கார்டைப் படித்தாள்: "‘சென்ற மாதம் என் பெயரில் வந்தது என் கடிதம் அல்ல, வாசல்படியை மட்டும் பெயர்த்து எடுத்துப் போட்டிருக்கிறீர்கள், வீட்டை இப்போது அனுப்புகிறோம்.’ பிரம்மநாயகி, பாளையங்கோட்டை." தன் பெயரை அப்படி நிறுத்தி, அழுத்திப் படித்தாள்.

பிறகு பத்திரிகை கைமாறியது. அவரவர் வாக்கியத்தை அவரவர் எழுந்து நின்று படித்தார்கள். நிஷாகூடக் குமட்டலைப் பார்க்காமல் படித்தாள். என் முறை வந்தபோது அக்காவைப் பார்த்து, "அன்னைக்கு ஜால்ரான்னு சொன்னது தப்புக்கா" என்றேன். "மொதல்ல ஒங்க வரியப் படிங்க சார்" என்றாள். படித்தேன். ஆயிரம் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தியவன், அந்த ஒரு வரியை இரண்டு தடவை படித்துவிட்டுத்தான் உட்கார்ந்தேன்.

கடைசி வாக்கியத்துக்குப் பத்திரிகை அக்காவிடம் திரும்பி வந்தது. ‘முடிக்கத் தெரியவில்லை என்றால் சொல்லிவிடுங்கள், நாங்கள் கோபித்துக்கொள்ள மாட்டோம்.’

அதற்குக் கீழே எழுத்தாளரின் பதில் இருந்தது, இரண்டே வரி. அதைப் படிக்கும்போது அக்காவின் குரல் தணிந்தது. "‘முடிக்கத் தெரியவில்லை என்பது உண்மை. மரகதத்தை வேலைக்கு அனுப்பிவிட்டேன், முடிக்க இன்னும் ஆறு வாரம் தருவீர்களா?’"

பஸ் ராதாபுரம் வந்து நின்றுவிட்டது. ஒருவரும் இறங்கவில்லை. டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டுத் திரும்பி உட்கார்ந்துகொண்டார். எல்லாரும் அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"என்னக்கா, குடுக்கலாமா?" என்றார் ஆவுடைநாயகம்.

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பையிலிருந்து ஒரு கார்டை எடுத்தாள். வணக்கம் இல்லை, பார்வை இல்லை. நின்றபடியே எழுதி எங்களுக்குப் படித்துக் காட்டினாள்.

"‘தந்தோம்.’"